விழுங்கியை மூடியவர்கள்

கில்லரோனில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் சர்க்கார் கணக்கெடுப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நோரீன் நெஸ்டரைக் கேட்டால் போதும். முப்பத்தோரு வருஷமாக அவள்தான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஆரம்பத்தில் அது பஸ்ஸே இல்லை, ரொட்டிக்காரனிடமிருந்து வாங்கிய பழைய வேன். மழைநாளில் உள்ளே இன்னும் ரொட்டி வாசனை அடிக்கும். மொத்தம் பதினொரு பிள்ளைகள், அதில் ஏழு ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த வீட்டில் அம்மை வந்தால் நோரீனுக்கு லீவு விட்ட மாதிரிதான்.

அப்போது ஊர் என்பது ஒரு தெரு, ஒரு பாலம், ஒரு தேவாலயம், இரண்டு பப், மூடிப்போன பால்பண்ணையின் புகைபோக்கி. அவ்வளவுதான். படித்த பிள்ளை லண்டனுக்குப் போகும், படிக்காத பிள்ளையும் லண்டனுக்குப் போகும். பிறகு கால்வே நகரத்துக்கு அகலமாக ரோடு போட்டார்கள். அங்கே வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து தூங்குகிறவர்கள் குடியேறினார்கள். இறைச்சி ஆலையில் கத்தி பிடிக்க ஆள் இல்லையென்று பிரேசிலிலிருந்து கூட்டி வந்தார்கள். வந்தவர்கள் தம்பியை அழைத்தார்கள், தம்பி மச்சானை அழைத்தான். இரண்டு பப்புக்கு நடுவில் மரவள்ளி மாவு விற்கிற கடை வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்வரிசை நிறைந்து பாதிரியாருக்கே வெட்கமாகிவிட்டது. இப்போது நோரீன் ஓட்டுவது ஐம்பத்துமூன்று இருக்கை பஸ், அதுவும் காலையில் இரண்டு நடை.

வந்தவர்களுக்கெல்லாம் வீடு வேண்டும். ஊருக்குக் கிழக்கே ஆறு, வடக்கே சதுப்பு, தெற்கே மலை. மிச்சம் இருந்தது மேற்கே மட்டும்தான். மேற்கே இருந்தது ஜார்லத் நெஸ்டரின் பள்ளத்து வயல். ஜார்லத் நோரீனின் புருஷன்.

அந்த வயலில் இப்போது மெடோ கோர்ட் என்று நாற்பத்திரண்டு வீடுகள். நவம்பர் மாதம் பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை காலை, நோரீன் பஸ்ஸை அதன் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். உள்ளே போக முடியாது. பதினாறு நாளாக மழை விடவில்லை. நடுவில் இருந்த புல்தரை குளமாகிவிட்டது, குளத்துக்கு மேலே ஊஞ்சலின் சங்கிலி மட்டும் தெரிந்தது. பக்கத்துப் பண்ணைக்காரன் மாலக்கி தன் டிராக்டரில் வைக்கோல் வண்டியைக் கட்டி, பிள்ளைகளை வீட்டு வாசலிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து பஸ்ஸில் விட்டுக்கொண்டிருந்தான். பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம்.

மகள் ஓர்லா கடைசியாக வந்தாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் நாலு வயது லூயிஸா. தினமும் இந்த ஒரு நிமிஷம்தான் நோரீனுக்கு நாள் முழுவதும் ஓடுகிற எண்ணெய். குழந்தையைக் கைமாற்றும்போது ஓர்லா ஏதாவது ஒரு வம்பு சொல்லுவாள், கன்னத்தில் ஒரு முத்தம் கொடுப்பாள்.

"தண்ணி எங்க வந்திருக்கு?"

"கடைசிப் படிம்மா. ராத்திரியே இன்னொரு படி போயிருச்சு. உன் மாப்பிள்ளை வால்டெசி மணல் மூட்டையை அடுக்கிட்டிருக்காரு. அடுக்கிட்டுப் பாட்டு வேற பாடறாரு. எனக்கு வர்ற கோபத்துக்கு அவரைத் தூக்கி மூட்டையோட மூட்டையா வச்சிரலாம்னு இருக்கு."

"பம்பு வருதாமே?"

"பம்பு நேத்தே வந்தாச்சு. இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் ஊத்துறாங்க. அது சுத்திட்டு மறுபடி இங்கேயே வருது. பம்புக்காரனுக்கே சிரிப்பு வருது." ஓர்லா மேற்கே மேட்டைப் பார்த்தாள். அங்கே நெஸ்டர் வீடு, அதன் சமையலறை ஜன்னல். "மேல ஒருத்தர் நின்னு பார்த்துட்டிருப்பாரே. இன்னைக்கு அவருக்குப் பண்டிகை."

"அப்படிச் சொல்லாத ஓர்லா."

"சொல்லலம்மா. உனக்காகச் சொல்லல." அவள் அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். "நீ மட்டும் இல்லைன்னா நான் இந்த ஊரைவிட்டே போயிருப்பேன்."

நோரீன் கதவை மூடி பஸ்ஸைத் திருப்பினாள். அந்த முத்தம் கன்னத்தில் சுட்டது.

*

ஓர்லா தகப்பனோடு பேசி நாலு வருஷம் ஆகிறது. ஊருக்கெல்லாம் காரணம் தெரியும். ஊருக்குத் தெரிந்த காரணம் தப்பு என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பள்ளத்து வயலின் சங்கதி இது. அந்தப் பக்கத்து மண்ணுக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல், அதில் ஆயிரம் பொந்து. மலையிலிருந்து இறங்குகிற ஓடை வயலின் நடுவே வரும், வந்து ஒரு குழிக்குள் விழுந்து காணாமல் போகும். மறுபடி ஏழு மைல் தாண்டிக் கடலோரத்தில்தான் முளைக்கும் என்பார்கள். அந்தக் குழிக்கு ஊரில் விழுங்கி என்று பேர். மழைக்காலத்தில் வயல் ஏரியாகும். விழுங்கி வாய் திறந்திருந்தால் ஒரு வாரத்தில் குடித்துத் தீர்த்துவிடும். அதில் குப்பை அடைத்தால் மார்ச் வரை தண்ணீர் நிற்கும், ஆட்டுக்குப் புல் இருக்காது. அதனால் ஒவ்வொரு அக்டோபர் முதல் வாரமும் நீளக் கைப்பிடி முள்கரண்டியோடு ஜார்லத் இறங்குவான். சருகு, சுள்ளி, வேலி மரம், ஒரு வருஷம் செத்த ஆடு என்று எல்லாவற்றையும் வாரி வெளியே போடுவான். அவன் அப்பனும் அதைத்தான் செய்தான்.

பில்டர் வயலைப் பார்க்க வருகிறான் என்ற சேதி வந்தது ஒரு ஜூன் மாதம். ஓடை வறண்டு கிடந்தது. விழுங்கியைக் கண்டால் அவன் வயலை வாங்க மாட்டான். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பேசாமலே எழுந்து போனார்கள். வயலைச் சுற்றியிருந்த கல்சுவரைப் பிரித்தார்கள். அந்தக் கல்லையெல்லாம் விழுங்கிக்குள் போட்டார்கள். ஜார்லத் பெரிய கல்லாக உருட்ட, நோரீன் கையளவுக் கல்லாக வீசினாள். கல் கீழே போய்ச் சேருகிற சத்தம் முதல் நாள் வெகுநேரம் கழித்துக் கேட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் உடனே கேட்டது. மேலே மண் போட்டுப் புல் விதைத்தார்கள். பில்டர் வந்தான், ஷூவில் தூசி படாமல் நடந்தான், ஓடையைப் பார்த்து "இது வாய்க்காலா?" என்றான். "ஆமா, மழைக்கு வர்ற வாய்க்கால்" என்றாள் நோரீன். ஜார்லத் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பணத்தில் கூரை மாற்றினார்கள், ஓர்லாவை நர்ஸ் படிப்பு படிக்க வைத்தார்கள். படித்து முடித்து ஊர் திரும்பின ஓர்லா, இறைச்சி ஆலையில் விரலை வெட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த வால்டெசியைப் பார்த்தாள். விரலுக்குத் தையல் போட்டது டாக்டர், மிச்சத்தையெல்லாம் ஓர்லா பார்த்துக்கொண்டாள். கல்யாணமாகி, லூயிஸா வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் வந்து மேஜை மேல் வீட்டுப் படத்தை விரித்தாள். மெடோ கோர்ட், பத்தொன்பதாம் நம்பர்.

ஜார்லத்தின் முகம் வெளுத்துவிட்டது. "அந்த வீடு வேண்டாம்" என்றான்.

"ஏன்பா?"

"வேண்டாம்னா வேண்டாம். வேற எங்கேயாச்சும் வாங்கு."

"எங்க? பிரேசில்லயா? அதானே உங்க மனசுல இருக்கு? உங்க ஜன்னலுக்குக் கீழ ஒரு கறுத்த மாப்பிள்ளை கொல்லையில நிக்கிறது உங்களுக்குப் பார்க்கச் சகிக்கல, அவ்வளவுதானே?"

ஜார்லத் நோரீனைப் பார்த்தான். நோரீன் அடுப்பில் முட்டைக்கோஸைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். ஓர்லா படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தவனை வாசலில் மறித்தவள் நோரீன்தான். "கோபம் ஆறிடும் ஜார்லத். கோர்ட்டு, கேஸுன்னு போனா அது ஆறாது. அவங்க குழாய் பதிச்சிருக்காங்க, தண்ணி அதுல போயிரும்" என்றாள்.

குழாய் நாலு வருஷம் தாங்கியது. ஓர்லாவின் கோபம் ஆறவில்லை. நாலு வருஷம் ஜார்லத் நிறவெறி பிடித்தவன் என்ற பேரைச் சுமந்துகொண்டு பூசைக்குப் போய்வந்தான். நோரீனோ மகளின் முத்தத்தை வாங்கிக்கொண்டிருந்தாள்.

*

இரண்டாம் நடை முடித்து வீட்டுக்கு வந்தபோது ஜார்லத் ஜன்னலடியில்தான் நின்றிருந்தான். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்து, தண்ணீர் வற்றி, அடிப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் இரும்புக் கடப்பாரை சாத்தியிருந்தது.

"இது எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியும்."

"முதல்ல சாப்பிடு."

"சாப்பாடு இறங்கல நோரீன்."

அவள் கருகின கிழங்கைத் தனியே தள்ளிவிட்டு நல்லதாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள், பன்றிக்கறி இரண்டு துண்டு வைத்தாள், வெண்ணெய் வைத்தாள். அவன் உட்காரவில்லை.

"பம்பு இன்னும் ரெண்டு வருதாம்" என்றாள்.

"பம்பா? நாலு பக்கமும் மேடு, நடுவுல தட்டு. தட்டுல இருக்குற சூப்பைக் கரண்டியால எடுத்து அதே தட்டுல ஊத்தினா குறையுமா? விழுங்கியைத் திறந்தாதான் உண்டு. நான் போய்ச் சொல்லப் போறேன்."

"என்னன்னு சொல்லுவ? நாப்பத்திரண்டு வீட்டுக்காரனும் இருக்கான். வித்த பில்டர் திவாலாகி ஆஸ்திரேலியால உக்காந்திருக்கான். மிச்சம் பிடிக்கிறதுக்கு ஊருல இருக்குற கழுத்து உன் கழுத்துதான்."

"பிடிக்கட்டும்."

"இன்னும் ஒரு நாள் பொறு. மழை விடுதான்னு பாக்கலாம்."

"நாலு வருஷமா இதைத்தானே சொல்ற. பொறு, பொறுன்னு. நான் பொறுத்த பொறுமைக்கு என் பேத்தி என்னைப் பார்த்தா அம்மா காலுக்குப் பின்னால ஒளியறா." அவன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினான். "உனக்கு என்ன, நீ தினம் பார்த்துக்கற."

உண்மையில் அவள் கோர்ட்டுக்குப் பயப்படவில்லை. கோர்ட் எல்லாம் நாலு வருஷத்துக்கு முன் இருந்த பயம். இப்போது அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. 'அப்பாவும் நீயுமா?' என்று ஓர்லா திரும்பிக் கேட்கப்போகிற அந்தக் கணம்.

"மூணு மணி நடை முடியட்டும். அப்புறம் பேசலாம்" என்றாள். தட்டை மூடி வைத்துவிட்டு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

*

சாயங்காலம் பிள்ளைகளோடு திரும்பி வந்தபோது மெடோ கோர்ட்டின் வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது. பாதிரியார் கூடத்தைத் திறந்துவிட்டிருந்தார். பெண்கள் தேநீரும் ரொட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பதினாலாம் நம்பர் முதல் இருபத்தாறாம் நம்பர் வரை தண்ணீர் வீட்டுக்குள்ளேயே போய்விட்டது. பிரேசில்காரர்கள், போலந்துக்காரர்கள், கால்வேக்காரர்கள் என்று எல்லோரும் மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்த ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையே பலர் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

ஓர்லா லூயிஸாவை வாங்கிக்கொண்டாள். அழவில்லை. அழுது முடித்த முகம். "பாப்பா கட்டில் வரைக்கும் நனைஞ்சிருச்சும்மா. இன்னும் ரெண்டு நாள் இப்படியே நின்னா சுவர் இத்துரும்னு சொல்றாங்க."

வால்டெசி ஆலையின் மஞ்சள் ஜாக்கெட்டோடு இடுப்பளவு நனைந்து வந்தான். "டோனா நோரீன், மீன் பிடிக்க வந்தீங்களா?" என்று சிரித்தான். மாமியாரை அவன் அப்படித்தான் அழைப்பான், அவன் ஊர் மரியாதை. "எங்க ஹால்ல பெரிய மீனா கிடைக்கும்."

அப்போதுதான் மேட்டுப் பாதையில் ஜார்லத் வருவது தெரிந்தது. தலையில் தொப்பி இல்லை. தோளில் கடப்பாரை. கூட்டம் விலகி வழி விட்டது. ஓர்லா குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அவன் நேரே மாலக்கியிடம் போனான். மாலக்கியும் அவனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். டிராக்டர் தவிர மண் தோண்டுகிற இயந்திரமும் மாலக்கியிடம் இருந்தது.

"மாலக்கி, உன் மெஷினைக் கொண்டா. இந்த இடத்துல விழுங்கி இருக்கு."

"விழுங்கியா? உங்க அப்பன் காலத்துல இருந்துச்சே. அதைத்தான் பில்டர் மூடிட்டான்ல?"

"பில்டர் மூடல. பில்டருக்கு அது இருக்குன்னே தெரியாது. வயலை விக்கிறதுக்கு முன்னாடி நான் மூடினேன்."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"நீ மூடினியா?" மாலக்கி கேட்டான். "டேய், தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். சுவரைப் பிரிச்சு உள்ள போட்டேன்."

பின்னாலிருந்து ஒருவன் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து முழு வாக்கியமும் அதிலேயே சொன்னான். இன்னொருவன் முன்னால் பாய, வால்டெசி குறுக்கே கையை நீட்டித் தடுத்தான். ஓர்லா திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"அதனாலதான் வேண்டாம்னீங்களா?"

"ஆமாம்மா."

"வால்டெசிக்காக இல்லையா?"

"மாப்பிள்ளைகிட்ட என்ன குறை? நான்தான்... எனக்குத்தான் சொல்ல வாய் வரல."

நோரீன் பஸ்ஸின் படியில் நின்றிருந்தாள். 'நான், நான்' என்றுதான் அவன் சொன்னான். ஒரு தடவைகூட 'நாங்க' என்று சொல்லவில்லை. அவள் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. அவள் ஒரு படி கீழே இறங்கினாள், பிறகு அங்கேயே நின்றுவிட்டாள்.

"திட்டுறதை அப்புறம் திட்டிக்கலாம்" என்றான் மாலக்கி. "வெளிச்சம் இன்னும் ஒண்ணரை மணி நேரம்தான். இடத்தைக் காட்டுடா."

ஜார்லத் தண்ணீருக்குள் இறங்கினான். நாற்பது வருஷம் கண்ணை மூடிக்கொண்டு போன இடம். கிழக்குச் சுவரின் மூலையிலிருந்து அறுபது எட்டு, அசோக மரம்போல் நெட்டையாக நின்ற ஒற்றை மரத்தை வலக்கைப் பக்கம் விட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சுவர் இல்லை, அதை அவனே விழுங்கிக்குள் போட்டுவிட்டான். மரமும் இல்லை, அதை பில்டர் வெட்டிவிட்டான். தேவாலயத்தின் கோபுரத்தைப் பார்க்கலாமென்றால் முன்னால் இரண்டு மாடி வீடுகள். அவன் கடப்பாரையால் குத்தினான், கல் தட்டுப்பட்டது. பத்தடி தள்ளிக் குத்தினான், அங்கேயும் கல். பில்டர் எங்கும் கல்லைக் கொட்டித்தான் தரையை உயர்த்தியிருந்தான். புல்தரையின் நடுவில் தொடையளவுத் தண்ணீரில் நின்று நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். சொந்த வயலில் வழி தெரியாமல் நிற்கிறவனைப் பார்த்து யாருக்கும் திட்டக்கூடத் தோன்றவில்லை.

"தெரியல மாலக்கி" என்றான். "எனக்கு எதுவும் தெரியல."

"குத்துமதிப்பா தோண்டினா?"

"நாலு ஏக்கர்டா. விழுங்கி ஒரு மேஜை அகலம்தான்."

நோரீனுக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. வீட்டுச் சமையலறை ஜன்னலின் பழைய கண்ணாடியில் இடக்கைப் பக்கம் கட்டைவிரல் நகமளவு ஒரு கொப்புளம். தொட்டியில் இடுப்பைச் சாய்த்து நின்று பாத்திரம் கழுவும்போது விழுங்கியில் வேலை செய்கிற ஜார்லத் சரியாக அந்தக் கொப்புளத்துக்குள் நிற்பான். ஊறுகாய் பாட்டிலுக்குள் மாட்டின ஈ மாதிரி இருப்பான். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வாசலில் போய் வெள்ளைத் துணியை ஆட்டிச் சாப்பிடக் கூப்பிடுவாள். இருபது அக்டோபர் அப்படித்தான் போயிருக்கிறது.

"நான் கண்டுபிடிக்கிறேன்" என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். "வால்டெசி, உன் போனைக் கையில வச்சுக்கோ. மஞ்சள் சட்டையைக் கழட்டாத. நான் மேலருந்து சொல்றேன்."

காலி பஸ்ஸை மேட்டுப் பாதையில் அவள் ஓட்டின வேகத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

*

தொட்டியில் இடுப்பைச் சாய்த்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். மூடி வைத்த தட்டு மேஜைமேல் அப்படியே இருந்தது. கீழே சாம்பல் நிறத் தண்ணீரில் மஞ்சள் புள்ளியாக வால்டெசி நின்றான்.

"கோபுரத்துப் பக்கம் போ. இன்னும். இன்னும் போ. நில்லு. இப்ப உன் வலது கைப் பக்கம்."

"இங்க வேலி இருக்கு."

"தாண்டு."

"தாண்டிட்டேன். அடுத்தது மிராண்டா வீட்டுக் கொல்லை. அவங்க கோழிக்கூண்டு மிதக்குது."

"அதையும் தாண்டு. இன்னும் ரெண்டு வீடு. மெதுவா... மெதுவா..." மஞ்சள் புள்ளி கொப்புளத்தின் ஓரத்தைத் தொட்டு உள்ளே நுழைந்து வளைந்து பெரிதானது. "நில்லு! அசையாத."

மஞ்சள் புள்ளி சுற்றும்முற்றும் திரும்பிப் பார்த்தது.

"டோனா நோரீன், இன்னொரு தடவை பாருங்களேன்."

"பார்த்துட்டேன் வால்டெசி."

"நான் நிக்கிறது எங்க கொல்லை. என் கறி அடுப்புக்குப் பக்கத்துல."

அந்த அடுப்பு அவன் கையாலேயே கட்டினது. செங்கல் செங்கலாக ஒரு கோடை முழுவதும் கட்டினான். ஞாயிற்றுக்கிழமை அதில் அவன் கறி வாட்டினால் அந்த வாசனை மேட்டுக்கே வரும். ஜார்லத் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"தெரியும்" என்றாள் நோரீன்.

"அதான் மூணு தடவை சாஞ்சிருச்சு! நான் எனக்குக் கொத்து வேலை வரலைன்னு நினைச்சேன்" என்று சொல்லி வால்டெசி சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. மாலக்கியின் குரல் பக்கத்தில் கேட்டது: "இதைத் தோண்டினா உன் கொல்லை போச்சு, தம்பி. கொல்லையில விழுங்கி இருக்குற வீட்டை எவனும் வாங்க மாட்டான். யோசிச்சுக்கோ."

"நாப்பத்தோரு வீடு இருக்கே அண்ணே. தோண்டுங்க."

*

நோரீன் திரும்பக் கீழே வந்தபோது இயந்திரம் அடுப்பை உடைத்துத் தரைச் சிமெண்ட்டைப் பெயர்த்துவிட்டிருந்தது. முதல் வாரலில் சேறு வந்தது. மூன்றாம் வாரலில் பாசி படியாத, வெளுத்த, கையளவுச் சுவர்க்கல் வந்தது. அவளுக்கு ஒவ்வொன்றும் தெரிந்த கல்லாகத் தெரிந்தது. ஜார்லத் பக்கத்தில் நின்று கடப்பாரையால் நெம்பிக் கொடுத்தான், வால்டெசி இன்னொரு பக்கம் நெம்பினான். இருட்டு கட்டத் தொடங்கின நேரத்தில் பூமிக்கடியில் யாரோ ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சத்தம். தண்ணீரில் ஒரு சுழி விழுந்தது. மிதந்துகொண்டிருந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மெல்லத் திரும்பி அதை நோக்கி நகர்ந்தது.

"குடிக்குது!" என்று மாலக்கி கத்தினான். கூட்டம் கை தட்டியது. கைதட்டினவர்களில் சிலர் ஒரு மணி நேரத்துக்கு முன் ஜார்லத்தை அடிக்கப் போனவர்கள். நாளைக்கு மறுபடி அடிக்க வருவார்கள், வக்கீலோடும் வருவார்கள். அது அவனுக்கும் தெரியும்.

ஓர்லா குழந்தையைக் கரையில் நின்ற ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, தண்ணீரில் இறங்கி வந்து தகப்பனின் முன்னால் நின்றாள். ஓங்கி அவன் நெஞ்சில் ஒரு குத்துக் குத்தினாள். அடுத்த குத்துக்கு ஓங்கின கை அப்படியே அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டது. "நாலு வருஷம்ப்பா" என்றாள். "என் புள்ளைகிட்ட உங்களைப் பத்தி என்னெல்லாம் சொல்லி வச்சிருக்கேன் தெரியுமா?" அவன் தலையைக் குனிந்தபடி நின்றான். அழுகையில் அவன் தோள் குலுங்கியது.

பிறகு அவள் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அத்தனை பாசம் இருந்தது.

"பாவம் நீ. இவரு இதையெல்லாம் மனசுல பூட்டி வச்சுக்கிட்டு இருந்திருக்காரு. உங்கிட்டகூடச் சொல்லாம. நடுவுல நின்னு நீ எவ்வளவு தவிச்சிருப்ப?"

ஜார்லத் நிமிர்ந்து நோரீனைப் பார்த்தான். லேசாகத் தலையசைத்தான். விட்டுவிடு என்று அர்த்தம். அவ்வளவு சுலபமாக இருந்தது. 'ஆமாம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பாசத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

"இல்ல ஓர்லா" என்றாள் நோரீன். "இந்தக் கல்லுல பாதி நான் போட்டது. பில்டர்கிட்ட வாய்க்கால்னு சொன்னது நான். அன்னைக்கு உன் பின்னாலயே ஓடி வந்து சொல்லப் பார்த்தாரு. வாசல்ல மறிச்சு, சொல்லாதேன்னு சொன்னதும் நான்தான்."

சுழியில் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அவரு பேசாம இருந்தாரு, நானும் அவர்கிட்டப் பேசல. அது சரி" என்றாள் ஓர்லா கடைசியில். குரல் ஏறவே இல்லை. "ஆனா நீ தினமும் காலையில என் கையிலருந்து புள்ளையை வாங்கினியேம்மா. தினமும் என் முகத்தைப் பார்த்தியே."

கரையேறி லூயிஸாவை வாங்கிக்கொண்டு பாதிரியாரின் கூடத்தை நோக்கி நடந்துவிட்டாள். வால்டெசி ஒரு நிமிஷம் தயங்கி நின்றான். "டோனா நோரீன்" என்று ஆரம்பித்தவன், பாதியில் விட்டுவிட்டு ஓர்லாவின் பின்னால் போனான்.

*

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. மெடோ கோர்ட்டின் தெருவெல்லாம் சேறு, வேலியெல்லாம் நனைந்த கம்பளி. பஸ் உள்ளே வரை போனது. ஒன்றாம் நம்பரிலிருந்து பிள்ளைகள் ஏறிக்கொண்டே வந்தார்கள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று நோரீன் பழக்கத்தில் பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டே வந்தாள். பத்தொன்பதாம் நம்பர் வாசலில் அவள் எப்போதும்போல் கதவைத் திறந்து, இருக்கையிலிருந்து பாதி எழுந்து, கையை நீட்டினாள்.

லூயிஸாவைக் கூட்டிக்கொண்டு வந்தது ஜார்லத். விடியற்காலையிலேயே அவன் சேறு வார இறங்கி வந்திருந்தான். பேத்தியின் கையை, உடைந்துவிடப் போகிற சாமானைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தான். குழந்தையோ அவன் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே, கொல்லையில் இருக்கிற குழிக்குள் தன் செருப்பு போய்விட்டது, அது கடலுக்குப் போகும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். உள்ளே கூடத்தில் யாரோ துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. ஜன்னலில் ஓர்லாவின் முதுகு தெரிந்தது. முதுகு திரும்பவில்லை.

அவன் குழந்தையைத் தூக்கிப் படியில் வைத்தான். நோரீன் வாங்கிக்கொண்டாள்.

"ஓர்லா வரலையா?"

"கைவேலையா இருக்கா."

நோரீன் லூயிஸாவை முன் இருக்கையில் உட்கார வைத்து வாரைப் போட்டாள். ஜார்லத் படியில் ஒரு காலை வைத்தபடி இன்னும் அங்கேயே நின்றான்.

"வருவா நோரீன்" என்றான் மெதுவாக. "எனக்கு நாலு வருஷம் ஆச்சு."

பின்னால் பிள்ளைகள் நேரமாகிறதென்று கூச்சல் போட்டார்கள். நோரீன் கதவை மூடி, பஸ்ஸைக் கிளப்பினாள்.